கேன்சர் ஃபைலைக் கண் டாக்டரிடமும் காட்டுங்கள்: விழித்திரை ஸ்கேனுக்குக் கோவை போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். போன ஆடியில், சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைக்கப் போகும்போது அம்மா வாசப்படியில் தடுமாற ஆரம்பித்தார். "கண்ணுக்குள்ள பொறி பறக்குது சாமி, வெல்டிங் அடிக்கிற மாதிரி" என்றார். பக்கத்து டவுனில் காட்டினோம். கண்புரை என்றார்கள், ஒரு கண்ணில் ஆபரேஷனும் செய்தார்கள். புரை இருந்தது உண்மைதான். ஆனால் பொறியும் நிற்கவில்லை, இருட்டும் விலகவில்லை. அடுத்த கண்ணுக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்கள். கார்த்திகையில் கோவையில் ஒரு டாக்டர், "அம்மா, இதுக்கு முன்னாடி வேற ஏதாவது பெரிய நோய்க்கு வைத்தியம் பார்த்தீங்களா?" என்று கேட்டபோதுதான், 4 வருடத்துக்கு முன் வந்த மார்பகப் புற்றுநோய் பற்றிய பேச்சே எழுந்தது. அதற்குள் 4 மாதம் கழிந்திருந்தது.

அம்மாவுக்கு வந்ததன் பெயர் புற்றுநோய் சார்ந்த விழித்திரை நோய். டாக்டர்கள் ‘கேன்சர் அசோசியேட்டட் ரெட்டினோபதி’ என்கிறார்கள். ஃபைலில் சுருக்கமாக ‘சிஏஆர்’ என்று இருக்கும். உடம்பில் எங்கோ இருக்கும் கட்டியை எதிர்க்க உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்தக் கட்டியில் இருக்கும் சில புரதங்கள், கண்ணின் பின்பக்கம் ஒளியை வாங்கும் விழித்திரையிலும் இருக்கின்றன. கட்டியை அடிக்கப் போனது கண்ணையும் சேர்த்து அடித்துவிடுகிறது. கண்ணுக்குள் புற்றுநோய் பரவுவது வேறு விஷயம், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் பில், தேதி, ரிப்போர்ட் எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறேன். நோய் அரிதானது, இரவில் பார்வை மங்குகிற எல்லோருக்கும் இது இருக்காது. ஆனால் புற்றுநோய் வந்த வீட்டில் கண் தொந்தரவும் சேர்ந்தால், கீழே உள்ளபடி போங்கள்.

1. தொந்தரவைத் தேதி போட்டு எழுதுங்கள்

டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துவிடும். "சரியாத் தெரியலீங்க" என்று ஒரே வாக்கியத்தில் அம்மா முடித்துவிடுவார். அதனால் ஒரு பழைய டைரியில் எழுதி வையுங்கள்: பொறியோ மினுமினுப்போ எப்போது தொடங்கியது, இருட்டில் தெரியாமல் போனது எப்போது, வெயிலில் கண் கூசுகிறதா, நிறம் வெளுத்துத் தெரிகிறதா, வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் போனால் கண் பழக எவ்வளவு நேரம் ஆகிறது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துத் தனித்தனியாக எழுதுங்கள். இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். வலி இருக்காது, கண் சிவக்காது. வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கூடிக்கொண்டே போகும்.

எல்லோரும் ஏமாறுவது எழுத்து படிக்கும் பலகையில்தான். நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கலாம். அம்மா பலகையில் கீழிருந்து இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, திரும்பி நடக்கும்போது ஸ்டூலில் இடித்துக்கொண்டார். சுற்றுப்பார்வையில் வளையம் போட்ட மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. "பலகை படிக்கிறாங்களே, கண்ணு நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

திடீரென்று திரை இறங்கின மாதிரி ஒரு பக்கம் மறைத்தாலோ, ஒரே நாளில் ஒரு கண் பார்வை போனாலோ இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது வேறு அவசரம். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

2. இரண்டு ஃபைலையும் ஒரே பையில் போடுங்கள்

எங்கள் 4 மாதம் இங்கேதான் போனது. புற்றுநோய் ஃபைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "அது முடிஞ்சு போன சங்கதி, அதைய எதுக்குக் கண்ணாஸ்பத்திரில போயிச் சொல்லிக்கிட்டு" என்று அம்மா சொல்ல, நாங்களும் சரி என்று விட்டோம். நம் பக்கத்தில் இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. வெளியே மறைப்பது உங்கள் இஷ்டம், டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்றும் காத்திருக்க வேண்டாம். முதல் ஆஸ்பத்திரியில் எங்களிடம் சர்க்கரையும் பிரஷரும் மட்டும்தான் கேட்டார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்தக் கீமோ எத்தனை தடவை என்ற விவரம், கடைசியாக எடுத்த ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே கொண்டு போவது நல்லது. காரணம், சில மருந்துகளே விழித்திரையைக் கெடுக்கும். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென், மூட்டுவலிக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மா டமாக்ஸிஃபென் சாப்பிட்டவர் என்பதால் டாக்டர் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டார். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே குடும்பக் கதை ஒன்றும் தேவைப்படும்: வீட்டில் யாருக்காவது மாலைக்கண் இருந்ததா, அப்பாவும் அம்மாவும் சொந்தமா. முறைப்பெண்ணைக் கட்டின குடும்பங்களில் பரம்பரை விழித்திரை நோய் வர வாய்ப்பு அதிகம். அதுவும் இருட்டில் பார்வை குறைவதில்தான் தொடங்கும், பரிசோதனையிலும் இதைப் போலவே தெரியும். அது வருடக் கணக்கில் மெதுவாக நகரும், இது மாதக் கணக்கில் ஓடும். முதல் படியில் எழுதிய தேதிகள் இங்கேதான் உதவும்.

3. எங்கே போவது, யாரைப் பார்ப்பது

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பதும் ஊரில் நடக்கும் இலவச முகாமும் இதற்கு ஆகாது. முகாம்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் அப்புச்சிக்கு ஒன்றில்தான் புரை எடுத்தார்கள். ஆனால் இந்த நோய்க்கு வேண்டிய மெஷின்கள் பெரிய கண் மருத்துவமனையில்தான் இருக்கும். கோவையில் அவிநாசி ரோட்டில் அரவிந்த், சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் சங்கரா என்று பெரிய கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு.

எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். ரெட்டினா (விழித்திரை) டாக்டர் எந்தெந்த நாள் இருப்பார்? ஈஆர்ஜி மெஷின் (விழித்திரை அனுப்பும் மின்சாரத்தை அளப்பது) இருக்கிறதா, எந்த நாளில் செய்கிறார்கள்? ஆட்டோஃபுளோரசன்ஸ் படம் (விழித்திரை தானாக மின்னுவதைப் பிடிப்பது) எடுப்பீர்களா? ரிசப்ஷனில் மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் ஸ்கேன் அறைக்கு இணைப்புக் கேளுங்கள். இன்னொன்று, ‘யூவியா’ என்று தனியாக ஒரு பிரிவு இருக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தி கண்ணைத் தாக்கும் நோய்களை அவர்கள்தான் அதிகம் பார்ப்பவர்கள். ரெட்டினா டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அங்கே அனுப்புவார், அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

காங்கேயம், பல்லடம், கரூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சிங்காநல்லூரில் இறங்க வேண்டியிருக்கும். 8 மணிக்கு டோக்கன் என்றால் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். ஒரு முழு நாள் ஆகும்.

4. பரிசோதனை நாள்: வரிசை தவறக் கூடாது

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், எங்களுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீணானது இங்கேதான். ஓர் இடத்தில் போனவுடன் சொட்டு மருந்து விட்டுப் பளிச் பளிச்சென்று ஃபோட்டோ எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஈஆர்ஜி அறைக்குப் போனால், "இப்பத்தான் ஃபிளாஷ் அடிச்சிருக்காங்க, ரிசல்ட் சரியா வராது" என்றார் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண். அவர் சொன்னது சரி. பிரகாசமான ஒளி பட்ட கண் ஓய்வெடுக்கக் குறைந்தது அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அவர்கள் நேரம் முடிந்துவிட்டது. நாளைக்கு வாங்க என்றார்கள்.

சரியான வரிசை இது. முதலில், சொட்டு விடுவதற்கு முன், பார்வை அளவு, நிறப் பரிசோதனை, ஃபீல்டு டெஸ்ட். ஃபீல்டு டெஸ்ட் என்பது கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துவது. அம்மா முதல் தடவை தூங்கிவிட்டார். விடிகாலை 4 மணிக்கு எழுந்த ஆளை மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருட்டறையில் உட்கார வைத்தால் வேறென்ன ஆகும்? காலையிலேயே கேட்டு வாங்குங்கள். புள்ளி தெரியாத நேரம்தான் அதிகம் இருக்கும், அது சாதாரணம், பயந்துபோய்ச் சும்மா அழுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, கண்ணை விரிக்கும் சொட்டு. மூன்றாவது ஈஆர்ஜி. இது கண்ணுக்கு எடுக்கும் ஈசிஜி மாதிரி. 20 நிமிடம் முழு இருட்டில் உட்கார வைப்பார்கள், போனை அணைத்துப் பையில் போட வேண்டும். கண் மரத்துப்போகும் சொட்டு விட்டு, லென்ஸ் போன்ற ஒன்றையோ மெல்லிய நூல் போன்ற கம்பியையோ கண்ணில் பொருத்தி, ஒளி அடித்து, விழித்திரை அனுப்பும் மின்சாரத்தை அளப்பார்கள். அப்புறம் 10 நிமிடம் வெளிச்சத்தில் வைத்து மறுபடி அளப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலிக்காது, உறுத்தும். நெற்றியிலும் ஒரு கம்பியை ஒட்டுவார்கள், அதனால் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வேண்டாம். அம்மாவின் நெற்றியில் வழிந்த தேங்காய் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து அந்தப் பெண் களைத்துப்போனார்.

நான்காவதாக ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்), ஆட்டோஃபுளோரசன்ஸ், வண்ணப்படம். இவை நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். நரம்பில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பதானால் அது கடைசியில்தான். சாயம் உடம்பில் இருக்கும்போது ஆட்டோஃபுளோரசன்ஸ் எடுத்தால் சாயமே மின்னும். சாயம் ஏற்றும்போது சிலருக்குக் குமட்டும், தோல் மஞ்சளாகும், சிறுநீர் ஒரு நாள் அடர் மஞ்சளாகப் போகும். மஞ்சள் காமாலை என்று அம்மா பயந்துவிட்டார். அலர்ஜி, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

சொட்டு விட்ட கண்ணுக்குச் சில மணி நேரம் கூச்சம் இருக்கும், கிட்டப் பார்வை மங்கும். பைக் ஓட்ட வேண்டாம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கூட ஒரு ஆள், மூன்றும் வேண்டும்.

5. படத்தில் என்ன பார்க்கிறார்கள்

விழித்திரை 10 அடுக்கு கொண்டது. ஓசிடி அதைக் கேக்கை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி காட்டும். ஒளியை வாங்கும் செல்கள் இருக்கும் வெளி அடுக்கில் ஒரு பிரகாசமான கோடு உண்டு. அம்மாவின் படத்தில் நடுவில் மட்டும் அந்தக் கோடு இருந்தது, இரண்டு பக்கமும் அழிந்திருந்தது. பலகை படிக்க முடிந்ததற்கும் ஸ்டூலில் இடித்ததற்கும் காரணம் ஒரே படத்தில் தெரிந்தது. ஆட்டோஃபுளோரசன்ஸ் என்பது செல்களில் சேர்ந்த கழிவுப் பொருள் தானாக மின்னுவதைப் படம் பிடிப்பது. இந்த நோயில் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் தெரியலாம்.

ஈஆர்ஜியில் ‘ஏ’ என்று ஒரு பள்ளமும் ‘பி’ என்று ஒரு மேடும் வரும். அம்மாவுக்கு இரண்டும் தட்டையாகிக் கிடந்தன. மெலனோமா என்ற தோல் புற்றோடு வரும் இதே குடும்பத்து நோயில் ‘ஏ’ தங்கி ‘பி’ மட்டும் விழுந்திருக்கும். அந்த வித்தியாசமே எங்கே தேட வேண்டும் என்பதற்கு ஒரு துப்பு.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது: ஆரம்பத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாலும், வண்ணப்படம் எடுத்தாலும் விழித்திரை நன்றாகவே தெரியலாம். ஓசிடிகூடச் சரியாக இருக்கலாம். தொந்தரவு இருந்து படம் நார்மல் என்றால், "ஈஆர்ஜி எடுக்கலாமுங்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று, ஒவ்வொரு செல்லையும் தனியாகக் காட்டும் கேமரா இருக்கிறது. யூடியூபில் பார்த்துவிட்டு நானும் அலைந்தேன். அது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு உரியது, அதைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

கிளம்பும்போது படங்களைப் பென் டிரைவிலோ சிடியிலோ கேட்டு வாங்குங்கள், பிரின்ட் மட்டும் போதாது. அடுத்த தடவையும் அதே மெஷினில் எடுப்பது முக்கியம். ஸ்பெக்ட்ராலிஸ், சிர்ரஸ் என்று வேறு வேறு கம்பெனி மெஷின்கள் ஒரே கண்ணுக்கு வேறு வேறு தடிமன் காட்டும். மெஷின் மாறினால் நோய் கூடியதா குறைந்ததா என்றே தெரியாது.

6. ரத்தப் பரிசோதனையை நம்பிக் காத்திருக்காதீர்கள்

விழித்திரைக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ரெக்கவெரின், ஆல்ஃபா ஈனோலேஸ் என்ற புரதங்களின் பெயர் அதில் வரும். நம் ஊர் லேபில் கிடைக்காது. இந்த எதிர்ப்பொருள் நோயே இல்லாதவர்களிடமும் காணப்படுகிறது, நோய் உள்ள சிலரிடம் அகப்படுவதில்லை. எங்கள் டாக்டர் அதற்காக ஒரு நாளும் காத்திருக்கவில்லை.

சாதாரண ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் காசநோய்க்கும் சிபிலிஸுக்கும் சோதனை இருக்கும். இரண்டாவதைப் பார்த்து அப்பா முகம் சிவந்துவிட்டார். அந்த நோயும் விழித்திரையை இதே மாதிரி கெடுக்கும் என்பதால் எல்லோருக்கும் எடுப்பதுதான், யார் மேலும் சந்தேகம் இல்லை.

7. உடம்பில் தேடுவது

கண் டாக்டர் சந்தேகத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். "கண்ணில் ஏதோ கோளாறாம்" என்று நீங்கள் வாயால் சொன்னால் புற்றுநோய் டாக்டருக்கு அது போய்ச் சேராது. அந்த ஒரு பக்கக் கடிதத்தால்தான் எங்களுக்கு 3 நாளில், உடம்பு முழுக்கப் புற்றைத் தேடும் பெட் சிடி ஸ்கேனுக்குத் தேதி கிடைத்தது. அக்குளில் ஒரு நெறிக்கட்டி மின்னியது, பயாப்ஸியில் பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று வந்தது.

இதுவரை புற்றுநோயே வராதவருக்கும் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கலாம். நுரையீரலில் வரும் ‘ஸ்மால் செல்’ வகையோடுதான் இந்தக் கண் நோய் அதிகம் சேர்ந்து வருகிறது. மார்பகம், கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுகளோடும் வரும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் ஸ்கேனில் ஒன்றும் அகப்படாவிட்டால் சில மாதம் கழித்து மறுபடி தேடச் சொல்வார்கள்.

பெட் சிடிக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தின நாள் தோட்டத்து வேலை வேண்டாம், உழைத்த தசையும் மின்னும். சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பலாம். சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவர்களிடமே கேளுங்கள். நேரம் தவறவே கூடாது. ஏற்றும் கதிரியக்க மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், உங்களுக்காக வைத்திருக்க முடியாது. முடிந்த பிறகு சில மணி நேரம் கைக்குழந்தை, கர்ப்பிணிப் பக்கம் போக வேண்டாம்.

8. பணம்

எங்கள் பில்லில் ஓசிடியும் ஃபீல்டு டெஸ்டும் சேர்ந்து 2,000 ரூபாய்க்குள், ஈஆர்ஜி 3,000க்குள், பெட் சிடி 15,000 சொச்சம். இடத்துக்கு இடம் மாறும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே போடுங்கள், சிகிச்சை தொடங்கியபின் போட்டால் அதற்கும் ஒரு ஆள் ஓட வேண்டும். கார்டு பதிவு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்தில். மில், பனியன் கம்பெனி ஆட்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து கடிதம் வாங்கி மேலே. கடிதம் இல்லாமல் நேராகப் போய்விட்டுப் பில்லைக் கொடுத்தால் காசு திரும்ப வருவது கஷ்டம். தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், அட்மிட் ஆகாமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பணம் வருமா என்று பாலிசியில் பாருங்கள். எங்களுக்கு வரவில்லை.

பெரிய செலவு ஸ்கேனில் இல்லை. எதிர்ப்பு சக்தி கண்ணைத் தாக்குவதை அடக்கும் ஐவிஐஜி என்ற ஊசி எழுதினால், வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், 5 நாளில் பிரித்து ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 24. ஒரு பாட்டிலே பல ஆயிரம். "இது இல்லாம வேற என்ன வழி இருக்குதுங்க, எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்?" என்று கேட்ட பிறகே நிலத்துப் பத்திரத்தை எடுங்கள்.

9. மருந்தும் அதற்குப் பிறகும்

மூலப் புற்றுக்கு வைத்தியம், கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து, இரண்டும் சேர்ந்துதான் நடக்கும். ஸ்டீராய்டு, ஐவிஐஜி, ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது, ரிட்டுக்ஸிமாப் என்று வழிகள் உண்டு. எதை எப்போது என்று கண் டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று விசாரிப்பது உங்கள் வேலை. புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டாம்; லிம்போமா (நிணநீர்ப் புற்று) போன்ற சில கட்டிகளை அது சுருக்கிவிடும், பயாப்ஸியில் பிடிபடாமல் போகலாம். தொடங்கினால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சர்க்கரை ஏறும், வாரா வாரம் பாருங்கள்.

போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் இத்தனை ஓட்டமும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் புரை ஆபரேஷனுக்குப் பின் அந்த 2 மாதம் "இன்னும் கொஞ்ச நாள்ல தெரிஞ்சிரும்" என்று காத்திருந்திருக்க மாட்டோம். பார்வைக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். பலகை அளவை மட்டும் பார்த்தால் குறைவாகத்தான் வரும்.

வீட்டில் வாசப்படி விளிம்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். பட்டிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு எல்இடி பல்ப் போட்டோம், சாயங்காலம் 5 மணிக்கே எரிய விடுகிறோம். அம்மாவின் நடுப்பார்வை இன்னும் நிற்கிறது. அடுத்த ஓசிடி பங்குனியில், அதே மெஷினில். ஃபீல்டு டெஸ்டுக்கு முதல் டோக்கன் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று காலண்டரில் அம்மாவே தங்கையை விட்டு எழுத வைத்திருக்கிறார்.